என் பிள்ளையை எனக்குச் சொல்லித் தந்த புத்தகங்கள்

(நம் கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேச்சு வழக்கை அதிகம் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். அதுக்கப்புறம் பதினைந்து வருசமா நான் படிச்சது எல்லாம் ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக், நம்ம குழுவோட தீர்மான நோட்டு, இவ்வளவுதான். எனக்கு முன்னாடி பேசின அக்கா கறவை மாட்டுக் கடன் பத்திப் பேசினாங்க. இன்னொருத்தங்க தையல் மிஷின் வாங்கி நாலு பேருக்கு வேலை கொடுத்ததைச் சொன்னாங்க. என்கிட்ட தலைவி அக்கா சொன்னது, "நீ படிச்ச புத்தகத்தைப் பத்திப் பேசும்மா" என்று. புத்தகத்தைப் பத்திப் பேச நான் யார் என்று முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசிச்சேன். நான் படிச்சது பரீட்சைக்கு இல்லை. என் பையனுக்காகப் படிச்சேன். அதனால் சொல்லலாம்.

அதைச் சொல்லணும்னா முதலில் நான் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லணும். எங்க குழுவைத் தவிர வெளியில் இதை நான் சொன்னதில்லை. இன்னைக்குச் சொல்றேன்.

எனக்கு இரண்டு பிள்ளைங்க. மூத்தது பொண்ணு, ஒன்பதாவது படிக்குது. இரண்டாவது பையன், பத்து வயசு. வீட்டில் தம்பின்னுதான் கூப்பிடுவோம். பிறந்தப்போ மூன்று கிலோ இருந்தான். நடக்க வேண்டிய நேரத்தில் நடந்தான். ஒன்றரை வயசில் அம்மா, அக்கா, காக்கா என்று நாலைந்து வார்த்தை வந்தது. இரண்டு வயசில் அதுவும் நின்னு போச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனா அடுப்படியில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஓடி வருவான். அப்போ காது நல்லாத்தான் இருக்கு. வாசலில் கிடக்கிற செருப்பை எல்லாம் வரிசையா அடுக்குவான். ஒன்றைத் தள்ளி வைத்தால் ஊரே கூடுற மாதிரி கத்துவான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கிட்டு சுவரில் தலையை முட்டுவான். தூக்கிக் கொஞ்சினால் என் கையிலிருந்து நழுவி ஓடுவான்.

நாங்களும் பார்க்காத வைத்தியம் இல்லை. மந்திரிச்சோம், தாயத்து கட்டினோம், மூணு அமாவாசை கோயிலில் போய்ப் படுத்தோம். "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினார். அதை நம்பி இரண்டு வருசம் போச்சு. அஞ்சு வயசில்தான் வேறொரு ஆஸ்பத்திரியில் "இது ஆட்டிசம்" என்று சொன்னாங்க. எனக்கு அது ஏதோ காய்ச்சல் பேர் மாதிரி இருந்தது. "எத்தனை நாள் மருந்து சாப்பிடணும் டாக்டர்?" என்று கேட்டேன். அவங்க என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

எங்க வீட்டுக்குப் பின்னால் கிணறு. தம்பிக்குத் தண்ணி மினுங்கறதைப் பார்க்கணும். ஒரு நாள் நான் துணி காயப் போட்டுட்டுத் திரும்பறேன், ஆளைக் காணோம். கிணத்து மேட்டில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கான். இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் என் பிள்ளை எனக்கு இல்லை.

மறுநாளிலிருந்து அவனைக் கட்டிப் போட்டேன். பழைய நூல் சேலை ஒன்றை முறுக்கி, ஒரு முனையை அவன் இடுப்பில், இன்னொரு முனையைத் திண்ணைத் தூணில். நூறு நாள் வேலைக்குப் போறப்போ, தண்ணி பிடிக்கப் போறப்போ, நம்ம குழுக் கூட்டத்துக்கு வர்றப்போ எல்லாம் அவன் தூணில் கட்டியிருப்பான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாங்க. அவங்களுக்கு முட்டி வலி, ஓடிப் பிடிக்க முடியாது. வீட்டுக்காரர் கொத்தனார் வேலை, வெளியூர் போனால் பத்து நாள் கழிச்சுத்தான் வருவார். ஏறக்குறைய இரண்டு வருசம் இப்படிப் போச்சு. தூணில் சேலை உரசின தடம் இன்னைக்கும் இருக்கு.

ஒரு நாள் எங்க குழு ஊக்குநர் அக்கா கடன் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க நேரா வீட்டுக்கு வந்துட்டாங்க. அவிழ்க்க நேரமில்லை. அவங்க பார்த்தாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். ஒன்னும் சொல்லலை. தம்பி பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து அவன் அடுக்கின செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. போறப்போ, "வட்டார வள மையத்தில் இந்த மாதிரி பிள்ளைங்களுக்குச் சிறப்பாசிரியை இருக்காங்க. நாளைக்கு நான் கூட வர்றேன், கிளம்பு" என்றாங்க. அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பிச்சது.

அந்தச் சிறப்பாசிரியை மேடம் பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நேரத்தில் அம்மாக்கள் நாங்க ஏழெட்டுப் பேர் வெளியே உட்கார்ந்திருப்போம். எங்களுக்குள்ள பேச்சு எப்பவும் ஒன்றுதான். யார் எந்தக் கோயிலுக்குப் போனா, எந்த வைத்தியர்கிட்ட எவ்வளவு செலவாச்சு. மேடம் அதைக் கவனிச்சுக்கிட்டே இருந்து, ஒரு சனிக்கிழமை ஒரு தமிழ்ப் புத்தகம் கொண்டு வந்து கொடுத்தாங்க. "எழுதாப் பயணம்" என்று பேர். லக்ஷ்மி பாலகிருஷ்ணன் என்கிற ஓர் அம்மா, ஆட்டிசம் உள்ள தன் பையனோடு வாழ்ந்த அனுபவத்தை எழுதினது. "ஆளுக்கு நாலு பக்கம் சத்தமாப் படிங்க, மத்தவங்க கேளுங்க" என்றாங்க.

என் முறை வந்தப்போ எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். இரண்டாவது பக்கத்தில் குரல் அடைச்சுப் போச்சு. அவங்க பட்டணத்தில் இருக்கிறவங்க, படிச்சவங்க. ஆனாலும் பயம் என் பயம்தான். நமக்கு மட்டும்தான் இப்படி என்று இத்தனை வருசம் நினைச்சிருந்தேனே, அந்த நினைப்பு அன்னைக்குப் போச்சு. அடுத்து எஸ். பாலபாரதி எழுதின "ஆட்டிசம்: சில புரிதல்கள்" படிச்சோம். ஆட்டிசம் தொத்து நோய் இல்லை, பேய் பிசாசு இல்லை, மூளை வளர்ற விதத்தில் இருக்கிற வித்தியாசம், மருந்து கொடுத்து மாத்துற விஷயம் இல்லை, பயிற்சியும் பொறுமையும்தான் வழி என்று எனக்குப் புரிஞ்சது இப்படிப் படிச்சுத்தான்.

அது வரைக்கும் படிச்சது பெத்தவங்க எழுதினது. அடுத்து மேடம், "ஆட்டிசம் உள்ளவங்களே எழுதின புத்தகம் இருக்கு, கேக்கறீங்களா?" என்றாங்க. எங்களுக்கு நம்பவே முடியலை. பேசாத பிள்ளை எப்படிப் புத்தகம் எழுதும்? அந்தப் புத்தகங்கள் இங்கிலீஷில் இருந்தது. மேடம் வாசிச்சுத் தமிழில் சொல்வாங்க, நாங்க கேட்போம். வீட்டுக்கு வந்து என் மகளிடம் சொல்வேன். அவள் பள்ளிக்கூட அகராதியை வைத்து என்கூட உட்காருவாள்.

அதில் என்னை மாத்தின புத்தகம் டெம்பிள் கிராண்டின் என்கிற அமெரிக்கப் பெண்மணி எழுதினது. 1947-இல் பாஸ்டன் நகரத்தில் பிறந்தவங்க. மூன்றரை வயசு வரைக்கும் பேச்சு வரலை. விடுதியில் சேர்த்துடச் சொல்லி யோசனை வந்தது. அவங்க அம்மா ஒத்துக்கலை. பேச்சுப் பயிற்சிக்கு ஆள் வைச்சு, விளையாடச் சொல்லிக் கொடுக்க ஆயா வைச்சு வளர்த்தாங்க. அந்தப் பொண்ணு பின்னால் மாடுகளைப் பத்திப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஆனாங்க. 1986-இல் தன் வாழ்க்கையை முதல் புத்தகமா எழுதினாங்க. 1995-இல் இன்னொன்று.

அந்த அம்மா எழுதினதில் மூன்று விஷயத்தை மட்டும் உங்களுக்குச் சொல்றேன்.

முதல் விஷயம் சத்தம். சின்ன வயசில் பள்ளிக்கூட மணிச் சத்தம் அவங்களுக்குப் பல்லை டாக்டர் குடையற மாதிரி வலிச்சதாம். சொரசொரப்பான பாவாடை உடம்பில் பட்டால் உப்புக் காகிதத்தால் தேய்க்கிற மாதிரி இருந்ததாம். இதை மேடம் சொன்னவுடனே எனக்கு மிக்ஸி ஞாபகம் வந்தது. அவன் அடம் பிடிக்கிறான், கொழுப்பு என்று எத்தனை நாள் முதுகில் வைச்சிருக்கேன்! அவனுக்கு வலிச்சிருக்கு. வலியில் கத்தின பிள்ளையைத்தான் நான் அடிச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரி என் மகள் கேட்டாள், "அம்மா, அப்போ நாம பேசறதே தம்பிக்கு இரைச்சலா இருக்குமோ?" என்று. இப்போ நாங்க மிக்ஸி போடுறதுக்கு முன்னாடி அவனுக்குக் காட்டிட்டு, அவன் தோட்டத்துப் பக்கம் போன பிறகுதான் போடுவோம்.

இரண்டாவது விஷயம் மாடு. இது நம்ம எல்லாருக்கும் புரியும். மாட்டை ஓட்டிக்கிட்டு வர்றப்போ திடீர்னு நின்னுடும். அடிச்சாலும் நகராது. டெம்பிள் அம்மா என்ன செஞ்சாங்கன்னா, மாடு போற பாதையில் தானே இறங்கி, மாட்டுக் கண் உயரத்துக்குக் குனிஞ்சு நடந்து பார்த்தாங்க. அப்போ தெரிஞ்சது, வேலியில் யாரோ தொங்க விட்ட சட்டை, ஆடற சங்கிலி, தரையில் விழுந்த நிழல், தேங்கின தண்ணியில் வெளிச்சம். மனுசன் கண்ணுக்கு அது ஒன்னுமே இல்லை. மாட்டுக்கு அது பயம். அதை எடுத்துட்டால் மாடு தானா நடக்குது. தானும் சின்னச் சின்ன விஷயத்தைப் பார்த்துப் பயந்தவள் என்பதால்தான் தனக்கு அது புரிஞ்சது என்று சொல்றாங்க. அவங்க வரைஞ்சு கொடுத்த மாதிரிதான் அமெரிக்கா, கனடாவில் மாட்டை அடைக்கிற, ஓட்டுற இடங்கள் பலதையும் கட்டியிருக்காங்களாம்.

இதைக் கேட்டப்போ தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு மாசம் ஆகியிருந்தது. வகுப்பு வாசல் வரைக்கும் வருவான், உள்ளே கால் வைக்க மாட்டான். தூக்கிக்கிட்டுப் போனால் கடிப்பான். "வீட்டிலேயே வைச்சுக்கோங்கம்மா, மத்த பிள்ளைங்க பயப்படுறாங்க" என்று சொல்லிட்டாங்க. மறுநாள் காலையில் சீக்கிரமே அவனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வாசலில் அவன் பக்கத்தில் மண்டி போட்டு, அவன் உயரத்தில் இருந்து உள்ளே பார்த்தேன். ஆயா பார்த்து, "என்னம்மா, கம்மல் விழுந்துடுச்சா?" என்று கேட்டாங்க.

எனக்குத் தெரிஞ்சுடுச்சு. டியூப்லைட்டுக்குக் கீழே ஃபேன் ஓடுது. ஃபேன் இறக்கையோட நிழல் வாசலுக்கு நேரா தரையில் வெட்டி வெட்டிச் சுத்துது. நாம அதைக் கவனிக்கவே மாட்டோம். அவன் அதையேதான் பார்த்துக்கிட்டு நிக்கிறான். டீச்சரைக் கெஞ்சி அந்த ஒரு டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சமே போதுமானதா இருந்தது. தம்பி தரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு காலை உள்ளே வைச்சான், எடுத்துட்டான். அன்னைக்கு அவ்வளவுதான். முழுசா உள்ளே போய் உட்கார இரண்டு வாரம் ஆச்சு. ஆனா போனான். இன்னைக்கு வரைக்கும் போறான்.

மூன்றாவது விஷயம்தான் என்னால் மறக்க முடியாதது. டெம்பிள் அம்மாவுக்கும் யாராவது கட்டிப் பிடிச்சால் தாங்காதாம். ஆனா உள்ளுக்குள்ள யாராவது அணைக்க மாட்டாங்களா என்று ஏக்கமும் இருந்ததாம். பெரிய பொண்ணா இருக்கறப்போ உறவுக்காரங்க மாட்டுப் பண்ணைக்குப் போயிருக்காங்க. நம்ம மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட மாட்டை நிறுத்துவாங்களே இரும்புச் சட்டம், அது மாதிரி ஒன்று அங்கே. இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சதும் சில மாடு அமைதியாகிறதைப் பார்த்துட்டு, தானே அதுக்குள்ள போய் நின்னு பார்த்திருக்காங்க. மனசு அமைதியாச்சாம். அப்புறம் பதினெட்டு வயசில் பலகையும் மெத்தையும் வைச்சுத் தனக்கே ஒன்று செஞ்சுக்கிட்டாங்க. அதில் முக்கியம் என்னன்னா, அழுத்தம் கூட்டவும் குறைக்கவும் உள்ள பிடி அவங்க கையில்தான் இருந்தது. எப்ப வேணும்னாலும் விட்டுட்டு வெளியே வரலாம்.

மேடம் இதைச் சொல்லி முடிச்சாங்க. நான் எழுந்து வெளியே போயிட்டேன். எனக்குத் தூணும் சேலையும்தான் கண்ணில் நின்னது. அதுவும் அழுத்தம்தான், இதுவும் அழுத்தம்தான். ஒன்றில் முடிச்சு என் கையில். இன்னொன்றில் பிடி அந்தப் பொண்ணு கையில். அணைக்கிறதுக்கும் கட்டிப் போடறதுக்கும் வித்தியாசம் இதுதான் என்று எனக்கு அந்த இடத்தில் புரிஞ்சது.

அன்னைக்கு அவிழ்த்தேன். ஆனா அக்கா, அவிழ்த்துட்டால் போதுமா? கிணறு அங்கேயேதானே இருக்கு? அடுத்த கூட்டத்தில் அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். குழுவில் உள்கடன் 12,000 ரூபாய் கொடுத்தாங்க. கிணத்துக்கு மேல கம்பி வலை போட்டேன், பின்பக்கத்துக்கு உயரமா ஒரு கதவும் தாழ்ப்பாளும் வைச்சேன். மீதிப் பணத்தை வீட்டுக்காரர் போட்டு வேலையை முடிச்சார். பத்து மாசத்தில் கடனைக் கட்டிட்டேன். நம்ம குழு எத்தனையோ கடன் கொடுத்திருக்கு. இந்தக் கடனில் வருமானம் ஒன்னும் வரலை. ஆனா என் பிள்ளை அவிழ்ந்தான்.

அந்தச் சேலையை என் மாமியார் எடுத்துக்கிட்டாங்க. இன்னும் நாலு பழஞ்சேலையோட சேர்த்து மடிச்சுத் தைச்சுக் கனமா ஒரு மெத்தை விரிப்பு பண்ணாங்க. தம்பிக்கு மனசு கலங்கினால் அதை அவனே இழுத்துக்கிட்டு வந்து என் மடியில் போடுவான். மேல போட்டு அழுத்தணும் என்று அர்த்தம். போதும்னா தள்ளி விடுவான். தள்ளினால் உடனே விட்டுடணும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கேன்.

மாமியாரைப் பத்திச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லணும். தம்பி வயத்தில் இருக்கறப்போ கிரகணத்தன்னைக்கு நான் காய் நறுக்கினேன், அதனால்தான் இப்படி என்று அவங்க ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அக்கம் பக்கத்தில், "தாய் செல்போனையே பார்த்தால் பிள்ளை எப்படிப் பேசும்" என்றாங்க. நானே பாதி நம்பிட்டேன். மேடம் சொன்னதைக் கேட்டப்போதான் தெரிஞ்சது, அமெரிக்காவிலும் இதே கதைதான். 1943-இல் லியோ கானர் என்கிற டாக்டர் பதினோரு பிள்ளைகளைப் பார்த்து ஆட்டிசத்தைப் பத்தி எழுதினார். அதுக்கப்புறம் ரொம்ப வருசம் அங்கே பெரிய படிப்பு படிச்சவங்களே, "தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகுது" என்று சொன்னாங்க. அந்த அம்மாக்களுக்கு "ஃபிரிட்ஜ் தாய்" என்று பேர் வைச்சாங்களாம், குளிர்ந்து போன மனசுன்னு. டெம்பிள் அம்மாவைப் பெத்தவங்க பிள்ளை வளர்த்ததும் அந்தக் காலத்தில்தான். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்கிறவர் அது தப்பு, இது உடம்பு சம்பந்தப்பட்டது என்று புத்தகம் எழுதினார். அவர் மனசைப் பத்திப் படிச்சவர், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அப்பாவும்கூட.

இதை மாமியாரிடம் சொன்னேன். "வெள்ளைக்காரியையும் இப்படித்தான் சொன்னாங்களா?" என்று கேட்டாங்க. அதுக்கப்புறம் கிரகணப் பேச்சு எங்க வீட்டில் வரலை.

ஜப்பானில் நவோக்கி ஹிகாஷிடா என்கிற பையன் பதிமூன்று வயசில் எழுதின புத்தகத்தைப் பத்தியும் மேடம் சொன்னாங்க. ஏன் குதிக்கிறாய், ஏன் கண்ணைப் பார்க்க மாட்டேங்கிறாய் என்று மத்தவங்க கேட்கிற கேள்விக்கு ஒவ்வொன்றாப் பதில் சொல்ற மாதிரி இருக்கு. எழுத்து அட்டையைத் தொட்டுத் தொட்டு எழுதினது. அதெல்லாம் அந்தப் பையனோட வார்த்தைதானா, உதவி செஞ்சவங்க வார்த்தையா என்று சந்தேகப்படுற அறிஞர்களும் உண்டு என்று மேடம் மறைக்காமல் சொன்னாங்க. அது எப்படியோ இருக்கட்டும். "ஏன் குதிக்கிறாய்" என்று என் பிள்ளையைப் பார்த்து ஒரு நாளும் நான் நினைச்சது இல்லை. "குதிக்காதே" என்று மட்டும்தான் சொல்லியிருக்கேன். அந்தப் புத்தகம் எனக்குக் கொடுத்தது அந்த "ஏன்" தான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிடறேன். இந்தப் புத்தகத்தை எல்லாம் கேட்டுட்டு, என் பையனும் பேராசிரியர் ஆயிடுவான் என்று நான் கொஞ்ச நாள் கனவு கண்டேன். வீட்டில் வற்புறுத்தி எழுத வைச்சேன், பென்சிலைக் கடிச்சுத் துப்பினான். மேடம்தான் நிறுத்தினாங்க. "டெம்பிள் வீடு வசதியான வீடு, ஆயா வைக்க முடிஞ்சது. அதோடு ஆட்டிசம் உள்ள ஒருத்தரைப் போல இன்னொருத்தர் இருக்க மாட்டாங்க. உங்க பிள்ளையை அந்தப் புத்தகத்தில் தேடாதீங்க, புத்தகத்தை வைச்சு உங்க பிள்ளையைப் பாருங்க" என்றாங்க. தம்பி இன்னும் வாக்கியமாப் பேச மாட்டான். பத்துப் பதினைந்து வார்த்தை வருது. படம் போட்ட அட்டையைக் காட்டித் தண்ணி, சோறு, வெளியே என்று கேட்பான். தானே குளிக்கிறான். போன மாசம் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்டான். எனக்கு இது போதும். இன்னும் வந்தால் சந்தோஷம்.

நான் இப்படிப் படிச்சதைக் குழுவில் சொல்லிக்கிட்டு இருந்தப்போ, எங்க அக்கா ஒருத்தங்க தனியாக் கூப்பிட்டு, "என் தங்கச்சிக்கு மனசு சரியில்லை, அதுக்கும் இந்த மாதிரிப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டாங்க. அவங்க சம்மதத்தோடதான் இதைச் சொல்றேன். அந்தத் தங்கச்சி சில மாசம் தூக்கமே இல்லாமல் ஓயாமல் பேசும், கையில் இருக்கிற காசை எல்லாம் செலவழிக்கும். சில மாசம் பாயை விட்டு எழுந்திருக்காது. மாத்திரை கொடுத்தால் நல்லாகும். நல்லானதும், "எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்திடும். மறுபடி முதலிலிருந்து. வீட்டில் எல்லாரும் அதைத் திமிர் என்றாங்க.

மேடமிடம் கேட்டேன். கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் என்கிறவங்க 1995-இல் எழுதின புத்தகத்தைப் பத்திச் சொன்னாங்க. அவங்களுக்கும் இதே நோய்தான், மனசு உச்சிக்கும் பாதாளத்துக்கும் போய் வர்ற நோய். ஆச்சரியம் என்னன்னா, அவங்க மனநோயைப் பத்திப் பாடம் சொல்லிக் கொடுக்கிற பேராசிரியை! அவ்வளவு தெரிஞ்சவங்களே லித்தியம் மாத்திரையைப் பல தடவை நிறுத்தியிருக்காங்க. அந்த உச்சியில் இருக்கிற சந்தோஷத்தை விட மனசு வரலையாம். உயிர் போற நிலைமை வரைக்கும் போய் மீண்ட பிறகுதான், மாத்திரை வாழ்க்கைக்கு வேணும் என்று ஏத்துக்கிட்டாங்க. அதோடு, மாத்திரை மட்டும் போதாது, மனசு விட்டுப் பேசவும் ஒருத்தர் வேணும் என்று எழுதியிருக்காங்க. இதைக் கேட்ட அந்த அக்கா, "அப்போ அவள் திமிர் இல்லை, நோயோட ஒரு பாகமா அது" என்றாங்க. இப்போ அக்கா தினமும் ராத்திரி தங்கச்சிக்கூட உட்கார்ந்து சாப்பிட்டுட்டு மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாங்க. சண்டை குறைஞ்சிருக்கு.

அக்கா தங்கச்சிகளே, 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோய் உள்ளவங்களைச் சங்கிலியில் கட்டி வைச்சிருந்த கொட்டகையில் தீப்பிடிச்சது. 28 பேர் செத்துப் போனாங்க. ஓட முடியலை. அந்தச் செய்தி நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கு. அதில் ஆட்டிசமும் இருக்கு, மனநோயும் இருக்கு. ஆனா சட்டம் நம்ம பின்கட்டுக்குத் தானா வந்து அவிழ்த்து விடாது. நம்ம ஊர்களில் எந்தெந்த வீட்டில் பின்கதவு எப்பவும் சாத்தியே இருக்கு என்று இங்கே இருக்கிற நமக்குத் தெரியும். தெரிஞ்சும் கேட்க மாட்டோம். கேட்டால் அவங்களுக்குச் சங்கடம் என்று நினைப்போம். எங்க ஊக்குநர் அக்கா அன்னைக்கு அப்படி நினைச்சுத் திரும்பிப் போயிருந்தால், நான் இன்னைக்கும் முடிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்.

அதனால் இந்த மேடையில் கூட்டமைப்பிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, இப்படிப் பிள்ளை உள்ள உறுப்பினர், பிள்ளையோடவே கூட்டத்துக்கு வரட்டும். எங்க குழுவில் இரண்டு வருசமா இதைச் செய்றோம். முறை வைத்து ஒருத்தர் தம்பிகூட உட்காருவாங்க. நோட்டு எழுதுற வேலை நின்னு போகலை. பாய் ஓரத்தில் செருப்பு மட்டும் வரிசையா இருக்கும்.

இரண்டு, மாசம் ஒரு தடவை கூட்டம் முடிஞ்சு அரை மணி நேரம் படிப்போம். படிக்கத் தெரிஞ்சவங்க படிக்கட்டும், மத்தவங்க கேட்கட்டும். புத்தகம் வாங்கக் கூட்டமைப்பு நிதியில் கொஞ்சம் ஒதுக்கணும். நான் சொன்ன இரண்டு தமிழ்ப் புத்தகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

மூன்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாத பிள்ளைங்களையும் பெரியவங்களையும் ஊர் ஊராக் கணக்கெடுத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நாமே கூட்டிக்கிட்டுப் போகணும். தனியாப் போனால் அலைய விடுவாங்க. பத்துப் பேராப் போனால் உட்கார நாற்காலி போடுவாங்க, இது நமக்கே தெரிஞ்ச பாடம். அதோடு மனசு தாங்க முடியாமல் இருக்கிறவங்களுக்கு 14416 என்கிற எண் இருக்கு, டெலி மானஸ் என்று பேர். காசு இல்லாமல் எந்த நேரமும் பேசலாம். ஒவ்வொரு குழு நோட்டின் அட்டையிலும் இந்த நம்பரை எழுதி வைங்க.

டெம்பிள் அம்மா எழுதினாங்க, அவங்களைப் பெத்தவங்களும் எழுதினாங்க. சென்னையில் ஓர் அம்மா எழுதினாங்க. நமக்கு எழுத வராட்டியும் சொல்ல வரும். நான் படிச்சதை விட, நான் கட்டிப் போட்டதைச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. ஆனா எங்க குழுவில் சொன்ன அன்னைக்கு இன்னும் இரண்டு பேர் அவங்க வீட்டுக் கதையைச் சொன்னாங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போறப்போ உங்களுக்கும் யார் ஞாபகமாவது வந்தால், நாளைக்கு அவங்க வீட்டுத் திண்ணையில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்க. ஒன்னும் கேட்க வேண்டாம். உட்கார்ந்தாலே போதும்.

தப்பா ஏதாவது பேசியிருந்தால் பொறுத்துக்கோங்க. கூட்டத்தில் மைக் சத்தம் தாங்காது என்று என் மகளும் தம்பியும் பின்னால் வேப்பமரத்தடியில் இருக்காங்க. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் வந்தால் பாருங்க. செருப்பை மட்டும் மாத்தி வைக்காதீங்க.